ஹெலிகாப்டர் வந்துவிட்டால் குழந்தை பிழைத்துவிடுமா?

1969-ம் ஆண்டு, மே 3. ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகருக்குப் பக்கத்தில் வின்னென்டன் என்று ஒரு சிறிய ஊர். ப்யோர்ன் ஸ்டைகர் என்ற 8 வயதுச் சிறுவன் நீச்சல் குளத்தில் விளையாடிவிட்டு வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தான். வழியில் ஒரு கார் அவன்மீது மோதிவிட்டது.

அங்கிருந்தவர்கள் வேடிக்கை பார்த்துக்கொண்டு நிற்கவில்லை. உடனே போலீஸுக்கும் செஞ்சிலுவைச் சங்கத்துக்கும் தகவல் சொன்னார்கள். ஆனாலும் ஆம்புலன்ஸ் வந்து சேர ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆனது. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே ப்யோர்ன் இறந்துபோனான். அவன் உயிரைப் பறித்தது அடிபட்ட காயமே அல்ல, அதைத் தொடர்ந்து வந்த 'ஷாக்' என்றார்கள். பயத்தால் வரும் அதிர்ச்சி இல்லை இது. உடலின் ரத்த ஓட்டம் படிப்படியாகத் தளர்ந்து, மூளைக்கும் இதயத்துக்கும் பிராணவாயு போதாமல் போகும் நிலை. சரியான நேரத்தில் சரியான ஆள் பக்கத்தில் இருந்திருந்தால் தடுத்திருக்கக்கூடிய ஒன்று.

அவனுடைய பெற்றோர் சீக்ஃப்ரீட், ஊட்டே ஸ்டைகர் இருவரும் இரண்டே மாதத்தில், ஜூலை 7 அன்று, மகன் பெயரில் ஓர் அறக்கட்டளையைத் தொடங்கினார்கள். அப்போது மேற்கு ஜெர்மனியில் ஆம்புலன்ஸ்களில் வயர்லெஸ்கூட சரியாகக் கிடையாது. சாலையில் விபத்து நடந்தால், போன் இருக்கும் வீட்டைத் தேடி ஓட வேண்டும். அறக்கட்டளை முதலில் இதைத்தான் கையில் எடுத்தது. சாலையோரங்களில் அவசரத் தொலைபேசிகள், ஆம்புலன்ஸ்களில் வயர்லெஸ், நாடு முழுவதற்கும் ஒரே அவசர எண் என்று ஒவ்வொன்றாகப் போராடி வாங்கினார்கள். 110, 112 என்ற எண்களை நாடெங்கும் கொண்டுவர 1973-ல் முடிவானது. அதற்கு முந்தைய ஆண்டு, 1972 செப்டம்பரில், இதே அறக்கட்டளையின் முயற்சியில் ஹெலிகாப்டர் மீட்பு அமைப்பு ஒன்றும் உருவாகிவிட்டது.

இந்த வரிசையைக் கொஞ்சம் கவனியுங்கள். முதலில் போன், பிறகு வயர்லெஸ், கடைசியில்தான் ஹெலிகாப்டர். இந்த வாரம் நாம் பேசப்போகும் விஷயம் மொத்தமும் இந்த வரிசையில்தான் அடங்கியிருக்கிறது.

குழந்தை என்றால் சின்ன பெரியவர் அல்ல

பெரியவருக்கு அடிபட்டால் இருப்பதைவிடக் குழந்தைக்கு அடிபட்டால் ஏன் இத்தனை பதற்றம்? பாசம் ஒரு காரணம். உடலமைப்பு இன்னொரு காரணம்.

ஒரு குழந்தையின் உடலில் ஒரு கிலோ எடைக்குச் சுமார் 80 மில்லி ரத்தம் இருக்கும். ஒரு வயதுக் குழந்தை 10 கிலோ என்று வைத்துக்கொள்வோம். மொத்த ரத்தமே 800 மில்லிதான். அதில் 200 மில்லி, அதாவது ஒரு டம்ளர், வெளியேறினால் கால்வாசி போய்விட்டது என்று அர்த்தம். பெரியவர்கள் ரத்த தானம் செய்யும்போது 350 மில்லி கொடுத்துவிட்டு, ஜூஸ் குடித்துவிட்டு, எழுந்து நடந்து போகிறார்கள். குழந்தைக்கு அதே அளவு என்பது உயிர்ப் பிரச்னை.

இதைவிட ஏமாற்றும் விஷயம் ஒன்று உண்டு. ரத்தம் குறையும்போது குழந்தையின் உடல் கடைசிவரை சமாளித்துக் காட்டும். இதயம் வேகமாகத் துடிக்கும். கை, கால்களில் ரத்தக் குழாய்கள் சுருங்கும். அதனால் ரத்த அழுத்தம் வெகுநேரம் வரைக்கும் சரியாகவே காட்டும். கால்வாசிக்கும் மேல் ரத்தம் போன பிறகுதான் சட்டென்று சரியும். அப்படிச் சரிந்த பிறகு மீட்பது மிகக் கடினம். 'பி.பி. நார்மல்தான், ஒன்றும் இல்லை' என்று குழந்தை விஷயத்தில் மட்டும் நிம்மதி அடைய முடியாது. சில்லென்று ஆகிவிட்ட கை, வெளிறிய தோல், வேகமான நாடி, வழக்கத்துக்கு மாறான தூக்கம் ஆகியவை பி.பி. கருவிக்கு முன்பாகவே பேசும்.

குழந்தையின் தலை, உடலோடு ஒப்பிட்டால் பெரியது. அதனால் விழும்போது தலைதான் முதலில் அடிபடும். விலா எலும்புகள் வளைந்துகொடுக்கும். எலும்பு முறியாமலேயே உள்ளே நுரையீரலும் கல்லீரலும் காயப்பட்டிருக்கலாம். மூச்சுக்குழாய் குறுகலானது. கொஞ்சம் வீங்கினாலும் அடைத்துக்கொள்ளும். உடல் சூடும் சீக்கிரம் இறங்கிவிடும்.

மருந்தின் அளவும் எடைக்குத் தகுந்தபடி மாறும். பதற்றமான நேரத்தில் இந்தக் கணக்கு தவறிவிடக் கூடாது என்பதற்காக, 1980-களில் ஜேம்ஸ் ப்ரோஸ்லோ என்ற அமெரிக்க டாக்டர் ஒரு வண்ண நாடாவை உருவாக்கினார். குழந்தையைப் படுக்கவைத்துப் பக்கத்தில் நாடாவை விரித்தால் போதும். உயரத்தை வைத்து எடையை மதிப்பிட்டு, எந்த மருந்து எவ்வளவு, எந்த அளவுக் குழாய் என்று அந்த வண்ணக் கட்டமே சொல்லிவிடும். உலகத்தின் பல அவசர சிகிச்சைப் பிரிவுகளிலும் ஆம்புலன்ஸ்களிலும் இன்றும் இது பயன்படுகிறது.

ஆக, காயம்பட்ட குழந்தைக்கு வேண்டியது வேகம் மட்டும் இல்லை. குழந்தைகளுக்குச் சிகிச்சை செய்து பழகிய கைகளும் வேண்டும். அந்தக் கைகள் பெரும்பாலும் பெரிய நகரங்களில்தான் இருக்கின்றன. சிக்கல் தொடங்குவதும் அங்கேதான்.

கிராமத்துக்கு எட்டாத ஒரு மணி நேரம்

அமெரிக்காவில் குழந்தைகளுக்கென்றே தனி விபத்துச் சிகிச்சை மையங்கள் உள்ளன. ஒரு குழந்தை ஒரு மணி நேரத்துக்குள் இப்படி ஒரு மையத்தை அடைய முடியுமா என்று அங்கே கணக்கிட்டுப் பார்த்தார்கள். 2009-ல் வெளியான அந்த ஆய்வின்படி, சாலை, வான் இரண்டு வழிகளையும் சேர்த்தாலும் 71.5 சதவிகிதக் குழந்தைகளுக்குத்தான் அது சாத்தியம். சுமார் 1 கோடியே 74 லட்சம் குழந்தைகளுக்கு அந்த ஒரு மணி நேரம் எட்டவில்லை. விட்டுப்போனவர்களில் பெரும்பாலோர் பெரிய நகரங்களிலிருந்து தள்ளி இருப்பவர்கள் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

கிராமத்தில் அடிபட்ட குழந்தையின் பயணம் பெரும்பாலும் இரண்டு கட்டமாக நடக்கும். முதலில் பக்கத்துச் சிறிய ஆஸ்பத்திரி. அங்கே மூச்சையும் ரத்த ஓட்டத்தையும் நிலைப்படுத்துவார்கள். பிறகு அங்கிருந்து பெரிய குழந்தைகள் மருத்துவமனை. இந்த இரண்டாம் கட்டத்தில்தான் ஹெலிகாப்டரின் உண்மையான பலம் தெரியும். மலையைச் சுற்றி மூன்று மணி நேரம் போகும் சாலையை அது நேர்கோட்டில் அரை மணி, முக்கால் மணியில் கடந்துவிடும். சாலை நீளமாகவும் வளைந்தும் இருக்குமிடத்தில் இதற்கு மாற்று கிடையாது.

நகரத்தில் கணக்கு மாறுகிறது. ஹெலிகாப்டர் என்றதும் நமக்குப் பறக்கும் நேரம் மட்டும்தான் நினைவுக்கு வரும். அதற்கு முன்னும் பின்னும் ஆகும் நேரத்தைக் கூட்டிப் பாருங்கள். அழைப்பு போக வேண்டும். இன்ஜின் கிளம்ப வேண்டும். விபத்து இடத்துக்குப் பக்கத்தில் கம்பி, மரம் இல்லாத சமதளம் வேண்டும். நீளத்திலும் அகலத்திலும் 30 மீட்டராவது இருந்தால் நல்லது. கூட்டத்தை விலக்க வேண்டும். குழந்தையை ஏற்றிக் கட்டி, கருவிகளை மாட்ட வேண்டும். போய்ச் சேர்ந்ததும் தளத்திலிருந்து அவசரப் பிரிவுக்கு இறக்கிக் கொண்டுபோக வேண்டும். இதற்குள் சைரன் போட்ட வேன் பல கிலோமீட்டர் போயிருக்கும்.

கலிபோர்னியாவின் ஃப்ரெஸ்னோ பகுதியில் இதை அளந்தே பார்த்துவிட்டார்கள். 2005-ல் வந்த அந்த ஆய்வு சொன்னது இதுதான். 10 மைலுக்குள், அதாவது சுமார் 16 கிலோமீட்டருக்குள், எப்போதும் ஆம்புலன்ஸ்தான் முந்துகிறது. ஆம்புலன்ஸை அனுப்பும்போதே ஹெலிகாப்டரையும் கிளப்பிவிட்டால், 10 மைலுக்கு மேல் ஹெலிகாப்டர் முந்துகிறது. ஆம்புலன்ஸ் போய், பார்த்து, யோசித்து, அப்புறம் கூப்பிட்டால்? 45 மைலுக்கு, அதாவது 72 கிலோமீட்டருக்கு மேல் போனால்தான் ஹெலிகாப்டரால் லாபம்.

16 கிலோமீட்டர் எங்கே, 72 கிலோமீட்டர் எங்கே! ஹெலிகாப்டர் அதேதான். பைலட்டின் திறமையும் அதேதான். இந்த வித்தியாசம் மொத்தமும் எப்போது கூப்பிட்டார்கள் என்பதில்தான் இருக்கிறது. வானத்தில் மிச்சமாகும் நிமிடங்களைத் தரையில் யோசித்தே நாம் செலவழித்துவிடுகிறோம்.

லண்டன் சொல்லும் இன்னொரு வழி

அப்படியென்றால் நகரத்துக்கு ஹெலிகாப்டரே வேண்டாமா என்று கேட்கலாம். லண்டன் இதற்கு வேறு விதமாகப் பதில் சொல்கிறது.

1989-ல் தொடங்கிய லண்டன் ஏர் ஆம்புலன்ஸ், வொயிட்சேப்பல் பகுதியில் உள்ள ராயல் லண்டன் மருத்துவமனையின் மொட்டைமாடியிலிருந்து கிளம்புகிறது. நகரத்துக்குள் எங்கே பலத்த காயம் என்றாலும், சில நிமிடங்களில் ஒரு டாக்டரையும் ஒரு பாராமெடிக்கையும் கொண்டுபோய் இறக்குகிறது. பூங்கா, பள்ளி மைதானம், சாலைச் சந்திப்பு என்று கிடைத்த இடத்தில் இறங்குவார்கள். மயக்க மருந்து, ரத்தம் ஏற்றுவது போன்ற ஆஸ்பத்திரிச் சிகிச்சையை அந்த இடத்திலேயே தொடங்கிவிடுவார்கள். அதற்குப் பிறகு நோயாளியைப் பல நேரம் சாதாரண ஆம்புலன்ஸிலேயே ஏற்றி, டாக்டரும் கூடவே ஏறிப் போவார். இரவில் ஹெலிகாப்டர் பறக்காது. அதே குழு காரில் போகும்.

குழந்தையை டாக்டரிடம் கொண்டுபோவது ஒரு வழி. டாக்டரைக் குழந்தையிடம் கொண்டுபோவது இன்னொரு வழி. ஜெர்மனியும் இந்த இரண்டாவது வழியைத்தான் தேர்ந்தெடுத்தது. 1970 நவம்பரில் மியூனிக் நகரில் 'கிறிஸ்டோஃப் 1' என்ற ஹெலிகாப்டர் சேவைக்கு வந்தது. பயணிகளின் காவலராகக் கிறிஸ்தவர்கள் கருதும் புனிதர் கிறிஸ்டோபரின் பெயர் அது. இன்றைக்கும் அங்கே மீட்பு ஹெலிகாப்டர்கள் கிறிஸ்டோஃப் என்ற பெயரோடு ஓர் எண்ணைச் சேர்த்துத்தான் அழைக்கப்படுகின்றன. அவசர சிகிச்சை டாக்டர் ஒருவர் அதில் எப்போதும் இருப்பார்.

தேவையில்லாத பறப்பின் விலை

'எதற்கு இத்தனை கணக்கு? குழந்தை விஷயம். சந்தேகம் என்றால் ஹெலிகாப்டரைக் கூப்பிட்டுவிட வேண்டியதுதானே!' பெற்றோராக இருக்கும் யாருக்கும் இப்படித்தான் தோன்றும். ஆம்புலன்ஸ் ஊழியர்களுக்கும் அப்படித்தான் தோன்றியது.

லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் ஹெலிகாப்டரில் கொண்டுவரப்பட்ட 189 குழந்தைகளைப் பற்றிய ஆய்வு 2002-ல் வெளியானது. பெரும்பாலான குழந்தைகளுக்குச் சிறிய காயங்கள்தான். ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குக் குழந்தைகளை அவசரப் பிரிவிலிருந்தே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அட்மிட்கூட செய்யவில்லை.

இதில் கொஞ்சம் நியாயமும் இருக்கிறது. குழந்தையின் காயம் வெளியே தெரியாமல் ஏமாற்றும் என்று மேலே பார்த்தோம். பத்துக் குழந்தைகளைத் தேவையில்லாமல் கொண்டுபோனாலும் பரவாயில்லை, தேவைப்பட்ட ஒரு குழந்தை விட்டுப்போகக் கூடாது என்பதுதான் விபத்து மருத்துவத்தின் பொதுவான எண்ணம். ஹெலிகாப்டரில் போவதற்கு ஆபத்தே இல்லை என்றால் அதோடு விட்டுவிடலாம். ஆனால் ஆபத்து உண்டு.

அமெரிக்காவின் மேரிலாண்ட் மாநிலம் இந்தத் துறைக்கே முன்னோடி. அடிபட்ட முதல் ஒரு மணி நேரத்தைப் 'பொன்னான நேரம்' என்று உலகத்தையே சொல்லவைத்த டாக்டர் ஆர். ஆடம்ஸ் கௌலியின் மாநிலம் அது. அங்கே மாநிலப் போலீஸ் ஹெலிகாப்டர்கள் 1970 மார்ச் முதல் காயம்பட்டவர்களைச் சுமந்து வருகின்றன.

2008 செப்டம்பர் 27, நள்ளிரவு நெருங்கும் நேரம். வால்டார்ஃப் என்ற ஊரில் நடந்த கார் விபத்தில் இரண்டு இளம் பெண்களுக்குக் காயம். ஒருவருக்கு வயது 17, இன்னொருவருக்கு 18. அன்றைய விதிமுறைப்படியே 'ட்ரூப்பர் 2' ஹெலிகாப்டரை வரவழைத்தார்கள். இருவரையும் ஏற்றிக்கொண்டு கிளம்பியது. வழியில் பனிமூட்டம். போக வேண்டிய ஆஸ்பத்திரியில் இறங்க முடியாமல், ஆண்ட்ரூஸ் விமானப்படைத் தளத்தை நோக்கித் திரும்பியது. அங்கே போய்ச் சேரவில்லை. பக்கத்தில் மரங்கள் அடர்ந்த ஒரு பூங்காவுக்குள் விழுந்து நொறுங்கியது. எங்கே விழுந்தது என்று கண்டுபிடிக்கவே சுமார் இரண்டு மணி நேரம் ஆனது.

பைலட், போலீஸ் பாராமெடிக், உதவிக்கு ஏறிய தன்னார்வ ஊழியர், 17 வயதுப் பெண் என நான்கு பேர் இறந்தார்கள். 18 வயதுப் பெண் மட்டும் உயிர் தப்பினார். கார் விபத்திலிருந்து உயிரோடு மீண்ட ஒரு பெண்ணைக் காப்பாற்றுவதற்காகக் கிளம்பிய பயணம், அவரையும் காப்பாற்ற வந்தவர்களையும் சேர்த்துக் கொண்டுபோய்விட்டது. அமெரிக்காவில் மருத்துவ ஹெலிகாப்டர் விபத்துகளில் அதிக உயிர்கள் போன ஆண்டும் 2008-தான்.

அதற்குப் பிறகு மேரிலாண்ட் தன் விதிகளை மாற்றியது. மூச்சுத் திணறல், மயக்கம், ரத்த ஓட்டத் தளர்ச்சி போன்ற ஆபத்து அறிகுறிகள் இருந்தால் முன்போல உடனே ஹெலிகாப்டர். 'கார் நன்றாக நசுங்கியிருக்கிறது, அதனால் உள்ளே அடி இருக்கலாம்' என்ற வகைச் சந்தேகம் மட்டும் என்றால், முதலில் விபத்து மையத்து டாக்டரிடம் போனில் பேசி முடிவெடுக்க வேண்டும். ஹெலிகாப்டர் பயணங்கள் வெகுவாகக் குறைந்தன. பின்னர் வந்த ஆய்வில், அதனால் காயம்பட்டவர்களின் நிலைமை மோசமாகவில்லை என்று தெரிந்தது.

ஹெலிகாப்டர் கெட்டது என்று இதற்கு அர்த்தம் செய்துகொள்ளக் கூடாது. அதுவும் அறுவை சிகிச்சையைப் போல ஒரு சிகிச்சை. தேவைப்படும் குழந்தைக்கு அது உயிர். தேவைப்படாத குழந்தைக்கு அது வீண் ஆபத்து.

ஏறுவது குழந்தை, தரையில் நிற்பது அம்மா

ஹெலிகாப்டருக்குள் ஒரு தடவை எட்டிப் பார்க்கலாமா?

சினிமாவில் காட்டுவதுபோல விசாலமாக இருக்காது. ஒரு படுக்கை, இரண்டு மருத்துவ ஊழியர்கள், சுவரெல்லாம் கருவிகள். இரைச்சலில் ஸ்டெதாஸ்கோப் வைத்தாலும் ஒன்றும் கேட்காது. மானிட்டரையும் குழந்தையின் முகத்தையும் பார்த்தே எல்லாம் தெரிந்துகொள்ள வேண்டும். பறந்துகொண்டிருக்கும்போது மூச்சுக் குழாய் பொருத்துவது கஷ்டம் என்பதால், தேவைப்படும் என்று தோன்றினால் கிளம்புவதற்கு முன்பே பொருத்திவிடுவார்கள். 'ஏன் இன்னும் கிளம்பாமல் நிற்கிறார்கள்?' என்று வெளியே நிற்பவர்கள் தவிப்பார்கள். உள்ளே நடப்பது அந்தப் பயணத்தின் மிக முக்கியமான ஐந்து நிமிடமாக இருக்கலாம்.

அம்மா, அப்பா கூடப் போகலாமா? இடமும் எடையும் அனுமதித்தால் ஒருவரை ஏற்றிக்கொள்ளும் சேவைகள் பல உள்ளன. எல்லா நேரமும் முடியாது. ஹெலிகாப்டருக்கு ஒவ்வொரு கிலோவும் கணக்கு. அப்படி விட்டுப்போகும் பெற்றோருக்கு அங்குள்ள மருத்துவக் குழுக்கள் தவறாமல் சொல்லும் ஒரு வார்த்தை உண்டு: 'தயவுசெய்து எங்களைத் துரத்திக்கொண்டு காரில் பறக்காதீர்கள். நிதானமாக வாருங்கள். குழந்தைக்கு நீங்கள் வேண்டும்.'

குழந்தை மட்டும் தனியாகப் போகும்போது அதோடு சில தகவல்கள் போயாக வேண்டும். எடை எவ்வளவு, எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது, ஏற்கெனவே ஏதாவது நோய் உண்டா, கடைசியாக எப்போது சாப்பிட்டது, பெற்றோரின் போன் நம்பர் என்ன. டாக்டருக்கு இந்த ஐந்தும் தெரிந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.

யார் பணம் கொடுப்பது?

இந்தக் கேள்விக்கு ஒவ்வொரு நாடும் ஒவ்வொரு விதமாகப் பதில் சொல்லியிருக்கிறது. ஜெர்மனியில் மருத்துவக் காப்பீடு பார்த்துக்கொள்கிறது. பிரிட்டனில் ஏர் ஆம்புலன்ஸ்கள் பெரும்பாலும் மக்கள் தரும் நன்கொடையில் ஓடும் அறக்கட்டளைகள். மேரிலாண்டில் வண்டிப் பதிவுக் கட்டணத்தோடு ஒவ்வொருவரும் ஒரு சிறு தொகை கட்டுகிறார்கள். போலீஸ் ஹெலிகாப்டரில் போனவருக்குத் தனியாக பில் வராது.

அமெரிக்காவின் பல மாநிலங்களில் தனியார் நிறுவனங்கள்தான் இந்தச் சேவையை நடத்துகின்றன. ஒரு ஹெலிகாப்டர் பயணத்துக்குப் போடப்பட்ட பில்லின் நடுமதிப்பு 2017-ல் 36,400 டாலர் என்று அந்நாட்டு அரசின் தணிக்கை அமைப்பு கணக்கிட்டது. அன்றைய மதிப்பில் 23 லட்சம் ரூபாய்க்கு மேல். குழந்தை பிழைத்துவிட்டது என்ற சந்தோஷத்தோடு வீட்டுக்கு வந்தவர்கள் கடனாளியான கதைகள் பெருகின. 2022 ஜனவரி 1 முதல் இப்படி எதிர்பாராமல் வரும் பில்லிலிருந்து காப்பீடு உள்ளவர்களைக் காக்கும் சட்டம் அங்கே நடைமுறையில் இருக்கிறது. மயக்கத்தில் கிடக்கும் குழந்தைக்கு எந்த நிறுவனத்தின் ஹெலிகாப்டர் வேண்டும் என்று யாரும் தேர்ந்தெடுப்பதில்லை அல்லவா?

நம் கைக்கு எட்டும் நிமிடங்கள்

நம் நாட்டில் ரிஷிகேஷ் எய்ம்ஸ் மருத்துவமனை 2024 அக்டோபர் 29 முதல் 'சஞ்சீவனி' என்ற பெயரில் ஹெலிகாப்டர் அவசர சிகிச்சைச் சேவையைத் தொடங்கியிருக்கிறது. உத்தராகண்டின் மலைக் கிராமங்களை நினைத்துப் பார்த்தால், இது எங்கே தேவையோ அங்கேதான் வந்திருக்கிறது என்று தோன்றும். நம்மில் பெரும்பாலோருக்கு இன்றைக்குக் கிடைப்பது 108 ஆம்புலன்ஸ். ஆனால் ஃப்ரெஸ்னோவில் கற்ற பாடம் 108-க்கும் அப்படியே பொருந்தும். நிமிடங்கள் அதிகமாகத் தொலைவது ரோட்டில் இல்லை, முடிவெடுப்பதில்.

அதனால் இவற்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் உள்ள எல்லோரிடமும் சொல்லியும் வையுங்கள்.

குழந்தைக்குப் பலமாக அடிபட்டால் முதல் வேலை 108. யாரை அழைக்கலாம், எந்த ஆஸ்பத்திரி என்ற விவாதம் அதற்குப் பிறகு.

ரத்தம் கொட்டினால் சுத்தமான துணியை மடித்து வைத்து நன்றாக அழுத்துங்கள். அடிக்கடி துணியை எடுத்துப் பார்க்காதீர்கள். ஒரு டம்ளர் கணக்கை மறக்க வேண்டாம்.

உயரத்திலிருந்து விழுந்திருந்தாலோ, வண்டி மோதியிருந்தாலோ கழுத்தை அசைக்காமல் படுக்கவையுங்கள். அந்த இடத்திலேயே தீ, போக்குவரத்து போன்ற ஆபத்து இருந்தால் தவிர, வாரி எடுத்து மடியில் போட்டுக்கொண்டு ஆட்டோவில் ஓடாதீர்கள்.

போர்வையோ துண்டோ போர்த்திச் சூடு இறங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். தண்ணீர், பால், சோடா எதுவும் வேண்டாம். அறுவை சிகிச்சை தேவைப்பட்டால் அதுவே சிக்கலாகிவிடும்.

'அழுகை நின்றுவிட்டது, தூங்குகிறான்' என்று நிம்மதி அடையாதீர்கள். அடிபட்ட குழந்தை வழக்கத்துக்கு மாறாகத் தூங்கினாலும், திரும்பத் திரும்ப வாந்தி எடுத்தாலும், கை, கால் சில்லிட்டாலும் அது அவசரம்.

முதலில் போகும் ஆஸ்பத்திரியில் தயங்காமல் கேளுங்கள்: 'இங்கே குழந்தைக்கு ஆபரேஷன் செய்ய டாக்டர் இருக்கிறாரா? தலைக்காயத்துக்கு வசதி இருக்கிறதா? இல்லையென்றால் எங்கே அனுப்புவீர்கள்? இப்போதே அங்கே போன் செய்து சொல்லிவிடலாமா?' இப்படிக் கேட்பது டாக்டரை அவமதிப்பது ஆகாது. அந்தப் பக்கம் படுக்கையும் ரத்தமும் ஆளும் தயாராக இருப்பதற்கு இந்த ஒரு போன்தான் காரணமாக இருக்கும்.

உங்கள் குழந்தையின் எடை இன்றைக்கு எவ்வளவு? ஞாபகம் இல்லையென்றால் இந்த வாரமே பார்த்து போனில் குறித்து வையுங்கள். ரத்த வகை, ஒவ்வாத மருந்து இரண்டையும் அதோடு சேர்த்து எழுதுங்கள். தாத்தா, பாட்டியின் போனிலும் அது இருக்கட்டும். அடிபடும்போது பக்கத்தில் இருப்பது அவர்களாகவும் இருக்கலாம்.

கடைசியாக ஒன்று. ரோட்டில் யாரோ ஒரு குழந்தை அடிபட்டுக் கிடந்தால், போலீஸ், கேஸ் என்று பயந்து விலகிப் போகாதீர்கள். 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவு, நல்லெண்ணத்தோடு உதவுபவரைப் பாதுகாக்கிறது. உங்கள் பெயரைச் சொல்லச் சொல்லிக் கட்டாயப்படுத்த முடியாது. வின்னென்டனில் அன்றைக்கு உதவ மனிதர்கள் இருந்தார்கள். அவர்கள் கூப்பிட்டும் உடனே வர ஆள் இல்லை. நமக்கு 108 இருக்கிறது. கூப்பிடுவதற்கு ஒருவர் தயங்காமல் இருந்தால் போதும்.